கழிப்பறை வரை

ஜூன் 2, செவ்வாய்

இன்று மாலை ஐந்து மணி இருபது நிமிஷத்துக்கு, இரண்டு ஜெபங்களுக்கும் ஒரு வாக்கெடுப்புக்கும் பிறகு, ஊழியப் பயணத்தில் பெயர் அட்டையை இடது மார்பில் குத்திக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. வலது பக்கக் கட்சியில் நாலு பேர் இருந்தார்கள். கைகுலுக்கும்போது எதிரில் இருப்பவர் கண்ணில் படும் என்பது அவர்கள் வாதம். இதயம் இடது பக்கம் இருக்கிறது என்று பாஸ்டர் நினைவுபடுத்தியதும் கட்சி கலைந்தது. நான் கை தூக்கவில்லை. நடுநிலை என்று நோட்டில் ஏற்றினார்கள்.

பன்னிரண்டு பேர் போகிறோம். எண்ணிக்கை தற்செயலானது என்று பாஸ்டர் மூன்று தடவை சொன்னார். யூதாஸ் யார் என்று யாரும் கேட்கவில்லை.

என் பெயரைக் கொடுத்தது அக்கா. "வீட்டுல உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்கு, போய் நாலு நோயாளிக்கு முதுகு தொடச்சு விடு."

"எனக்கு ஜெபமெல்லாம் வராதுக்கா."

"முதுகு தொடைக்க ஜெபம் எதுக்குடி?"

என் வீட்டுக்காரர் போய்ப் பதினாலு மாசம். அன்றிலிருந்து நான் ஜெபிக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. தண்ணீர் வராத குழாயை யாரும் திருகிக்கொண்டே இருப்பதில்லை.

ஜூன் 4, வியாழன்

ஒன்பது மணி நேரம் பஸ். அதில் ஏழு மணி நேரம் பாட்டு.

ஜூன் 5, வெள்ளி

இது நெடுநாள் நோயாளிகள் இல்லம். இங்கிருந்து வீட்டுக்குப் போனவர்கள் குறைவு என்பதை வாசல் பலகையில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். நீளமான அறை, பதினாலு கட்டில், இடுப்பு உயரம் வரை பச்சை பெயிண்ட். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தள்ளிவரும் வண்டியின் ஒரு சக்கரம் கத்துகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் கண்ணைத் திறந்து, யார் கட்டிலுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறார்கள்.

அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் புரூஃப் பார்த்தவள் என்பதால் தினமும் சபைக்குச் செய்தி எழுதும் வேலை எனக்கு. மீதி நேரத்தில் ஆறாம் கட்டில்.

ஆறாம் கட்டிலில் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் ஒருவர். முப்பத்தோரு வருஷம் ஒரு தகரக் கூண்டில் உட்கார்ந்து, பஸ் வரும் நேரம், போகும் நேரம் எழுதியவர். நுரையீரல் முழுக்கப் புகை.

"முதுகு தொடைக்க வந்தீங்களா, ஜெபம் பண்ண வந்தீங்களாம்மா?"

"முதுகுதான்."

"நல்லதாப் போச்சு. காலைல ஒருத்தர் ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. இன்னும் அரிக்குது."

ஜூன் 7, ஞாயிறு

தினமும் ஷேவ் பண்ணிவிடச் சொல்கிறார். "மக வருவா. சனிக்கிழமை." நர்ஸம்மா ஃபோன் பண்ணினார்களாம், வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். ஆறு வருஷமாக அவள் அவரோடு பேசவில்லை.

காரணத்தையும் அவரே சொன்னார். அவர் மனைவிக்கு முடியாமல் போன அன்று டியூட்டி மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை. கூண்டைவிட்டு எழுந்தால் ஸ்டாண்டு குழம்பிப்போகும் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குப் போனபோது வாசலில் செருப்புகள். "செருப்ப எண்ணினேன்மா. எண்ணினதும் தெரிஞ்சு போச்சு."

நான் பிளேடைக் கழுவினேன்.

"வருவான்னு நம்புறீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நம்புறதா? எங்க ரூல் என்ன தெரியுமா? வரவேண்டிய வண்டி வரலைன்னா, லேட்டுன்னு எழுதலாம். ஒரு மணி நேரம் லேட்டு, நாலு மணி நேரம் லேட்டு, எவ்வளவு வேணா எழுது. கேன்சல்னு எழுத எனக்கு பவர் கிடையாது. அதுக்கு மேல இருந்து உத்தரவு வரணும்." மூச்சு வாங்கினார். "எத்தனை பேரு வந்து கூண்டத் தட்டி, வராதுன்னு எழுதித் தொலைய்யான்னு திட்டுவானுங்க தெரியுமா? எழுதினதே இல்ல."

"சில வண்டி வராமலே போயிருக்குமே?"

"போயிருக்கு. அது என் நோட்டுல லேட்டுன்னுதான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே போய், கட்டிலடி மலப் பேசினைக் கழுவினேன்.

ஜூன் 9, செவ்வாய்

இன்று காலை டைம்கீப்பர் படுக்கையில் பேசின் வேண்டாம் என்று அடம் பிடித்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, எட்டு அடி, கழிப்பறை வரை நடந்தார். திரும்பும்போது தூக்கி வந்தோம். அதன் பிறகு ஆக்ஸிஜன் குழாயை எடுக்கவே முடியவில்லை.

செய்தியில் எழுதினேன்: 'ஆறாம் கட்டில் சகோதரர் இன்று இருவர் துணையுடன் கழிப்பறை வரை நடந்தார்.' பாஸ்டர் வாங்கிப் பார்த்தார்.

"சிஸ்டர், சபைல எல்லாரும் சாப்பிடற நேரத்துல படிப்பாங்க. சின்னப் பிள்ளைங்க வேற. கழிப்பறை வேண்டாமே."

எடுத்தார். அது போனதும் 'இருவர் துணையுடன்' என்பது அந்தரத்தில் நின்றது. துணையுடன் எங்கே என்று கேள்வி வரும். அதையும் எடுத்தார். மிச்சம்: 'ஆறாம் கட்டில் சகோதரர் இன்று நடந்தார்.' கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி சேர்த்தார்.

ஒரு சொல் விழுந்தால் பொருள் விழும் என்று சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கினவள் நான். டீ வந்துவிட்டது. குடிக்கப் போனேன்.

ஜூன் 10, புதன்

சபையிலிருந்து அறுபத்து மூன்று ஆமென். ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கப்போகிறார்களாம். ஆறாம் கட்டில் எண்ணை ஜெபக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். குணமானவருக்கு எதற்கு?

அவர் இன்று நாலு ஸ்பூன் தண்ணீர் குடித்தார்.

ஜூன் 13, சனி

காலை ஏழு மணிக்கே ஷேவ். வெள்ளைச் சட்டை கேட்டார். கைகளை நுழைக்க இருபது நிமிஷம். தலையணை மூன்று வைத்து உட்காரவைத்தோம், கதவு தெரியும்படி.

பத்து மணி. பன்னிரண்டு. மூன்று.

"லேட்டு" என்றார்.

ஐந்து மணிக்கு நர்ஸம்மா வந்து என் காதில் சொன்னார்கள். மகளுக்கு ஃபோன் போட்டிருக்கிறார்கள். 'அப்பா நடக்க ஆரம்பிச்சுட்டாருன்னு மெசேஜ் வந்துச்சே. இப்ப லீவு கேட்டா கஷ்டம். மாசக் கடைசில வர்றேன்' என்றாளாம். பாஸ்டர்தான் அனுப்பியிருக்கிறார், பயந்துகொண்டிருப்பாளே என்று. என் வாக்கியம். ஆச்சரியக்குறியோடு.

மாசக் கடைசி எங்கே, இவர் எங்கே?

அவரிடம் நானே போய்ச் சொன்னேன், வேறு யாராவது பக்குவமாகச் சொல்வதற்குள். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சிரிக்க முயன்று இருமினார்.

"ஆக, நான் எந்திரிச்சு நடந்ததாலதான் அவ வரல."

"நான் எழுதினதாலங்க."

"சட்டையக் கழட்டாதீங்க. கசங்கினாலும் பரவால்ல."

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைத் தனியாகப் பிடித்தேன். மகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. பேசின் கழுவ முகம் சுளிக்காதவர். கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை எளிது.

"சொல்லலாம் சிஸ்டர். ஆனா அவர் குணமாயிட்டாருன்னு விசுவாசத்துல அறிக்கை பண்ணிட்டோம். இப்ப நாமளே அவர் போயிடுவாருன்னு சொன்னா, அது நம்பிக்கையை விட்ட மாதிரி ஆயிடாதா?"

அப்போதுதான் எனக்கு வாய் குளறியது. என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிற வரை எழுதுகிறேன்.

"பாஸ்டர், எங்க வீட்டுக்காரர் போற அன்னிக்குக் காலைல நான் என்ன பண்ணிகிட்டு இருந்தேன் தெரியுமா? ஞாயித்துக்கிழமை சபைல சாட்சி சொல்ல அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டுகிட்டு இருந்தேன். குணமாயிட்டாருன்னு எல்லாரும் சொன்னீங்க. நானும் சொன்னேன். அவர் கையப் புடிச்சு, போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை — சொல்லல. சொன்னா அவிசுவாசம். அவருக்குத் தெரியும் பாஸ்டர். என்னையே பாத்தாரு. நான் எழுந்து போய் இஸ்திரி போட்டேன்—"

பாஸ்டர் தன் ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

மகள் எடுத்தாள். நான் தயார் செய்திருந்த முன்னுரை எதுவும் வரவில்லை.

"உங்கப்பா நடந்தாரும்மா. கழிப்பறை வரைக்கும். எட்டு அடி. ரெண்டு பேர் புடிச்சுகிட்டோம். திரும்பத் தூக்கிட்டு வந்தோம்."

"நீங்க யாரு?"

"அந்த மெசேஜ எழுதினவ."

"அன்னிக்கு அது. இன்னிக்கு இது. எதை நம்பச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. பதில் தேடுவதற்குள் வைத்துவிட்டாள்.

ஜூன் 15, திங்கள்

வரவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

இன்று கேட்டேன். பேசின் கழுவும் இடத்தில், குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது. "அவளை அனுப்பு." அவ்வளவுதான். வணக்கம் இல்லை, ஆமென் இல்லை.

குணமாக்கு என்று கேட்கவில்லை.

யாரிடம் கேட்டேன் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. அதுதான் விசித்திரம். பதினாலு மாசம் பேசாமல் இருந்துவிட்டு, அறிமுகம் செய்துகொள்ளாமல் நேரே விஷயத்துக்கு வந்திருக்கிறேன். சொந்தக்காரர்களிடம்தான் அப்படிச் செய்ய முடியும்.

நடக்காததை நடந்துவிட்டது என்று சொல்வதைத்தான் நம்பிக்கை என்று பழகியிருந்தேன். இது அப்படி இல்லை. அவள் வரவில்லை என்று நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் சிலிண்டர் வண்டி கத்தும்போது எல்லோரும் வண்டியைப் பார்க்கிறார்கள், நான் வாசலைப் பார்க்கிறேன். இதற்கு என்ன பெயர்? சுகமாக இல்லை.

மாலையில் அவருக்கு நினைவு தப்பியது. ஷேவ் பண்ணினேன்.

ஜூன் 17, புதன்

பன்னிரண்டரை மணிக்கு வந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, தோளில் பை. நேரே வேலையிலிருந்து.

"யாரு அந்த மெசேஜ் எழுதினது?"

எழுந்து நின்றேன்.

"இதப் புடிங்க" என்று பையைக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே வைக்கலாம் என்று தோன்றவில்லை.

"காது கேக்கும்மா, பேசுங்க" என்றார்கள் நர்ஸம்மா. அவள் கட்டிலருகே உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தாள்.

"அம்மா உங்களைக் கேட்டுகிட்டே இருந்தாங்க. வந்துட்டாரா, வந்துட்டாரான்னு. நீங்க எழுதலைன்னா ஊர்ல பஸ்ஸு ஓடாதா? ட்ரைவருக்கெல்லாம் கண்ணு இல்லையா? ரெண்டு மணி நேரம்ப்பா. நான் என்ன சொல்லிச் சமாளிக்கிறது? வழியில இருக்காருன்னு பொய் சொன்னேன். அம்மா கடைசியாக் கேட்டது என் பொய்யி. கேக்குதா உங்களுக்கு?"

ஐந்தாம் கட்டில்காரர் ரேடியோவை அணைத்தார். ஆறு வருஷத்துப் பாக்கி, ஒன்று விடவில்லை. குரல் தேய்ந்து, திட்டும் தேய்ந்து, கடைசியில் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"யாரு ஷேவ் பண்ணினது? இந்தப் பக்கம் விட்டுப்போயிருக்கு."

"நான்தான்."

"பிளேடு குடுங்க."

விரலை அசைத்தார் என்று அவள் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன். அசையவில்லை என்றும் எழுத மாட்டேன்.

ஜூன் 18, வியாழன்

ஆறு மணிக்குக் குழு கிளம்பியது. பஸ் ஏறுமுன் பாஸ்டர் சபைக்கு ஒரு திருத்தம் அனுப்பினார்: 'கழிப்பறை வரை, இருவர் துணையுடன்.' என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். பிழை எதுவும் இல்லை. ஆமென் ஒன்றும் வரவில்லை.

"நீங்க வரலையா சிஸ்டர்?"

"ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்."

பதினொன்று பத்துக்கு டைம்கீப்பர் இறந்தார். மகள் கையைப் பிடித்திருந்தாள். "போயிட்டு வாங்கப்பா" என்றாள், சத்தமாக, கடைசிக் கட்டில் வரை கேட்க.

நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன். நானும் சொன்னேன். டைம்கீப்பருக்கு இல்லை. பதினாலு மாசத் தாமதம்.

ஜூன் 19, வெள்ளி

நல்லடக்கம் நாலு மணிக்கு. மகள், நர்ஸம்மா, குழி வெட்டிய இருவர், நான். உள்ளூர் போதகருக்குக் காய்ச்சல். ஜெபிக்க வேறு ஆள் இல்லாததால் நான் ஜெபித்தேன். ஒன்பது நிமிஷம் ஆயிற்று.