பதினேழாம் மதகின் சுழி

நீர் அடங்கி நடக்க, நிலம் பொலிந்து விளைக. நாரைக்கொடி ஓங்கிய மருதவளநாட்டின் பேரமைச்சன் ஆவூர்கிழான் நம்பி எயினன், பேரேரிக் கோட்டைத் தலைவர் இளங்காரியார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் ஆநிரையும் குறைவின்றி விளங்குக. கரைக்காவலன் ஆதன் கொற்றனின் வலக்கையை எந்நாளில் வெட்டுவது என்று தாங்கள் கேட்டு விடுத்த ஓலை கிடைத்தது. மறுமொழி கடைசியில் வரும். அதற்குமுன் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டருள்க.

பேரேரிக்கு நாற்பது மதகுகள். எந்த மதகை எத்தனை விரல் திறப்பது என்று நாற்பது கட்டம் கீறிய ஓலையில் எழுதி அனுப்புவது வழக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்றால் நாற்பது முறை எழுதிக் கை ஓய்ந்துபோகும். ஆகவே முதற்கட்டத்தில் மட்டும் எண்ணைப் பொறித்துக் கடைசிக் கட்டம்வரை ஒரே கோடாக இழுத்துவிடும் முறையை இவ்வமைச்சனே கண்டான். கோடு ஓடிய கட்டங்களில் முந்தைய ஓலைப்படி எது இருந்தாலும் அது போய், முதல் எண்ணே எங்கும் நிற்கும். இந்தச் சாமர்த்தியத்தை அவையில் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு.

சென்ற திங்களில், பதினேழாம் மதகின் அடியிலுள்ள நீர்வழிக்குள் பழுதுபார்க்கப் புகுந்த எழுவரின் பின்னே கல் சரிந்து வழியை அடைத்தது. கொற்றன் உடனே தலைநகருக்கு ஆள் விட்டான். அரசர் அந்தக் கட்டத்தில் சுழி இடச் செய்தார். எவரும் திறக்கலாகாது என்பது அதன் பொருள். மறுநாளே மலையில் வெள்ளம் என்று செய்தி வந்தது. அமைச்சன் பதறிப்போய் எட்டு என்று எழுதினான், கோடு இழுத்தான். சுழி இருந்த இடத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை, ஐயா.

முத்திரை ஓலையை வாங்கிய கொற்றன், கோட்டின்மேல் விரல் வைத்துப் பதினேழு வரை எண்ணினானாம். நம்பாமல் மறுபடியும் எண்ணினானாம். இது பிழை என்று ஓலை கொண்டுவந்த தூதுவரிடம் பணிந்து சொன்னான். உள்ளதை மாற்றத் தமக்கு அதிகாரமில்லை என்றும், உச்சிப்பொழுதுக்குள் திறந்தாக வேண்டும் என்றும் அவர் உரைத்தார். தலைநகரோ ஒரு பகல் வழி. திறந்தால் ஏழு உயிர் போகும். திறக்காவிட்டால் சட்டப்படி கை போகும். எந்தப் பக்கமும் நகர முடியாமல் வசமாக மாட்டிக்கொண்டான், பாவம். அடைபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் மூங்கிற்குழாய் வழியே, வெள்ளம் வருகிறதா என்று ஒருவன் வினவ, வரவில்லை என்று கொற்றன் பொய் சொன்னான்.

பிறகு முப்பத்தொன்பது மதகுகளையும் எட்டு விரல் திறக்கச் செய்துவிட்டு, பதினேழாவதன் பலகைமேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டான். தூதுவர் அதட்டியும் இறங்கவில்லை. கரை தாங்கியது. மறுநாள் கல்லை அகற்றி எழுவரும் வெளியே வந்ததைப் பார்த்தபின் தங்கள் காவல்வாயிலுக்கு நடந்து வந்து கையை நீட்டினான். தாங்கள் அவனை அடைத்தது தங்கள் கடமை; அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஒருவனுக்காகச் சட்டத்தைத் தளர்த்த இயலாது என்று அரசர் அருளிச்செய்தார். அமைச்சனும் அதையே சொல்வான். முத்திரை ஓலையின் ஒரு கட்டத்தை மாற்றியவன் கை இழப்பான் என்பதே சட்டம். ஆனால் சுழி இட்ட ஓலையும் முத்திரை ஓலையே. அரசரைக் கேளாமல் அந்தக் கட்டத்தை மாற்றியது இவ்வமைச்சன் கை. கொற்றன் அதைக் காத்தவன். இதைக் கேட்டு அரசர் தலையசைத்தார்.

ஆதலால் ஆணை. ஓலை கண்ட கணமே கொற்றனை விடுவித்து, வயிறாரச் சோறிட்டு வீட்டுக்கு அனுப்புக. இனிக் கோடு இழுப்பவர் எவராயினும் முன்னிருந்த நாற்பது கட்டங்களையும் வாய்விட்டுப் படித்த பின்னரே இழுக்கக் கடவர். வெட்டுவோனை மட்டும் அனுப்பிவிடாமல் நிறுத்தி வைக்க. அமைச்சன் நான்காம் நாள் அங்கு வந்து சேர்வான். வாளைத் தீட்டி வைக்கச் சொல்க. அவன் வயதானவன், வலி பொறுக்கமாட்டான். இவ்வோலையை எழுதியதும் நாரை முத்திரை இட்டதும் அவன் வலக்கை.