விமானத்துக்குள் ஒரு பாட்டு

என் அன்புக்குரியவருக்கு,

நான் சுகம். உங்கள் முட்டி வலி தேவலையா? மகள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா?

இரண்டு சின்னத் தனியார் விமானங்களில் எதற்குள் இரைச்சல் குறைவு என்று அளந்து ஒப்பிடும் வேலையை முதல்முறையாக என்னிடம் மட்டும் ஒப்படைத்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே உயரம், ஒரே வேகம், என் தலைக்குப் பக்கத்தில் ஒரு மைக். காதுக்கு அமைதியாக இருந்த விமானத்தில்தான், ஏறி இறங்கும் ஒரு விநோதச் சத்தம் பதிவாகியிருந்தது. இன்ஜினைப் பிரிக்க மெக்கானிக் கிளம்பிவிட்டார். என் முதல் அறிக்கையே சந்தி சிரிக்கப்போகிறதே என்று பதிவோடு பைலட்டிடம் ஓடினேன்.

பைலட் அந்தப் பதிவைக் கேட்டார்.

"மேடம், எந்த இன்ஜினும் இவ்வளவு சுருதி சுத்தமா பாடாது. இது நீங்கதான்."

"நானா? நான் வாயே திறக்கலையே."

"திறக்கல. மூடிக்கிட்டே பாடுனீங்க."

பாத்திரம் கழுவும்போது நான் முணுமுணுவென்று பாடுவதாக நீங்கள் சொன்னபோதெல்லாம் சண்டைக்கு வந்தேனே, இப்போது கருவியும் உங்கள் கட்சி. இன்று வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு மறுபடி பறந்தேன். காதுக்கு அமைதியாக இருந்த அந்த விமானமே ஜெயித்தது. "இன்னொண்ணோட இரைச்சல்ல ஏன் பாட்டு வரலன்னும் எழுதிடுங்க" என்று மேலாளர் சிரித்தார்.

ஒரு சின்ன உதவி. இங்கே என் அறை தேவைக்கு மேல் அமைதியாக இருக்கிறது, தூக்கம் பிடிப்பதில்லை. உங்கள் குறட்டையைப் போனில் பதிவுசெய்து அனுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள். குறட்டையே விடுவதில்லை என்று சாதிக்காதீர்கள். நான் அளக்க மாட்டேன், கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன்.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
பாட்டுக்காரி