மூன்றாம் அறைக்குக் காரணம் கேட்கிறார்கள்

இன்று காலை மேஜை இழுப்பறையைத் திறந்ததும் பென்சில் சீவிய வாசனை வந்தது. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. நம் விடுதியின் முன்பதிவு நோட்டில் நீ பேனாவால் எழுதியதே இல்லை. "ஜனங்க மனசு மாறும்டி, அழிக்கத் தோதா இருக்கணும்" என்பாய்.

போன் எடுக்க நீ இல்லாததால், அந்த நோட்டைக் கிளவுடுக்கு மாற்றிவிட்டேன். மாற்றினேன் என்கிறேனே தவிர, எல்லாம் எங்கே போயிற்று என்று இன்னும் புரியவில்லை. நம் எட்டு அறைகளும் வேறு ஏதோ ஊரின் கம்ப்யூட்டரில் இருக்கின்றனவாம். ஹைதராபாத்தில் யாரோ விரலை வைத்தால் செங்கம் சாலையில் ஓர் அறை நிரம்பிவிடுகிறது. என்னை யாரும் கேட்பதில்லை.

நோட்டைப் பார்த்து ஏற்றும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு பௌர்ணமிப் பக்கத்திலும் மூன்றாம் எண்ணுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. முன்பு ஒரு பௌர்ணமிக்கு அந்த அறை ஏன் காலி என்று கேட்டதற்கு, "பாத்ரூம்ல தண்ணி ஒழுகுது. நீ போய் இட்லியப் பாரு தாயே" என்று விரட்டினாய். குழாய்க்காரரை வரவழைத்தேன். "ஒரு சொட்டு ஒழுகலயேங்க" என்றார். சரியென்று பௌர்ணமிக்கு அந்த அறையையும் ஏற்றினேன். அடுத்த பௌர்ணமிக்கு முதலில் போனது அதுதான்.

மறுநாள் விடியலில், மழையில் மலை சுற்றி முடித்த ஒரு பெண் வாசலில் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. புடவை முழங்கால் வரை சேறு.

"மூணாம் நம்பர் சாவி குடுங்கக்கா. குளிச்சி புடவ மாத்திக்கினு போயிடறேன்."

"அதுல ஆள் இருக்காங்களேம்மா."

"பௌர்ணமிக்கு அது பொம்பளைங்க ரூமாச்சே! அந்தக்கா எத்தினி பேருக்குத் தொறந்து விட்டிருக்காங்க. காசு நீட்னா திட்டுவாங்க."

எட்டு அறைகளிலும் ஆட்கள். நான் திரையைப் பார்த்து நிமிர்வதற்குள், "பரவால்லக்கா, பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கறேன்" என்று படியிறங்கிவிட்டாள். என் வீட்டுக்காவது கூட்டிப்போயிருக்கலாம் என்பது அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் தோன்றியது.

ஏழு வருடம் சேர்ந்து நடத்தினோம். பௌர்ணமி என்றால் எனக்குச் சமையலறை, உனக்கு வாசல். என்னிடம் ஏன் மறைத்தாய்? வேண்டாம் என்பேன் என்று நினைத்தாயா? சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல் கோபப்படுவதா, என் மேலா என்பதும் தெரியவில்லை.

அந்த அறையை யாரும் எடுக்க முடியாமல் வைக்க வழி கேட்டு, நோட்டைக் கிளவுடுக்கு மாற்றித் தந்த கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"காரணம் செலக்ட் பண்ணுங்க மேடம். ரிப்பேரா, ஓனர் யூஸா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"குளிக்கறதுக்கும்மா."

"யாரு மேடம்?"

"தெரியலம்மா. வர்றவங்க."

"அப்போ யார் பேர்லயாச்சும் புக் பண்ணிடுங்க மேடம்."

உன் பெயரில் போட்டேன். எல்லாப் பௌர்ணமிக்கும்.

இன்று பௌர்ணமி. மதியம் தாண்டியதும் திரையில் உன் பெயர் சிவப்பாக வந்தது. விருந்தினர் இன்னும் வரவில்லை, முன்பதிவை ரத்து செய்யலாமா என்று கேட்கிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று வழக்கம்போலப் புரியவில்லை. வேண்டாம் என்பதை அழுத்தினேன். பிறகு மூன்றாம் அறைக்குப் போய் வாளியை நிரப்பி, சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.