மினுங்காத தட்டு

ஆகஸ்ட் 6, செவ்வாய்

போத்தனூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

குழந்தைகள் ஐசியூவிலிருந்து லேபுக்கு ஒரு மலச் சாம்பிள் வந்தது. நாலு மாதப் பெண் குழந்தை. முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை மெலிந்தது, தலை தொங்கியது. இப்போது வென்டிலேட்டர்.

டாக்டர் திருமலைசாமி போனில், "ரிஃபானா, பாட்டுலிசமான்னு பாரும்மா. இல்லேன்னா பிறவித் தசைநோய்தான்" என்றார். பாட்டுலிசம் ஒரு கிருமியின் விஷத்தால் வருவது. சில மாதம் மெஷினில் வைத்திருந்தால் பிள்ளை மெல்ல மீண்டுவிடும். இந்தப் பிறவி நோய்க்கு மருந்து உண்டு, கோடிக்கணக்கில் விலை, வாங்கத்தான் இவர்களால் முடியாது.

பதினைந்து வருஷ சர்வீஸில் நான் பாட்டுலிசத்தைப் பார்த்ததே இல்லை. புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.

ஆகஸ்ட் 7

குழந்தையின் தாய் மதிவதனி லேப் ஜன்னலுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். "ஏனுங்க்கா, பாப்பா டெஸ்ட்டு ஆச்சுங்களா?"

கிருமி வளர ரெண்டு நாள் ஆகும் கண்ணு என்றேன். அந்தக் கிருமி தேனிலும் இருக்கும், அதனால் பாப்பாவுக்குத் தேன் தொட்டு வைத்தீர்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா, சர்க்கரைத் தண்ணிதானுங்க."

எதிர்ச்சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 9

கிருமி வளர்க்க வைத்த, முட்டை மஞ்சள் கலந்த தட்டைப் பார்த்தேன். பாட்டுலிசக் கிருமியென்றால் அதன் மேல் முத்துச்சிப்பியின் உட்புறம் போல மினுமினுப்பு படர வேண்டும். எந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தும் மினுங்கவில்லை. வளர்ந்திருப்பது பியூட்டிரிகம் என்ற வேறு கிருமி என்றது பரிசோதனை. நல்ல குழந்தைகளின் குடலிலும் சாதாரணமாக இருப்பதுதான். "கண்டறியப்படவில்லை" என்று கையெழுத்திட்டுவிட்டு, சாப்பிடப் போனேன்.

ஆகஸ்ட் 10

பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மதிவதனியின் புருஷன் கதிர் அவளுக்கு அத்தை மகன். அவ்வளவுதான், பிறவி நோய்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு வருவதற்குள், "பச்சப்புள்ளையப் போட்டு எதுக்கு வதைக்கிறீங்க, ஊட்டுக்குக் கொண்டுபோயிரலாம்" என்று உறவில் யாரோ சொல்ல, கதிர் கையெழுத்துப் போட்டான்.

இந்தப் பெண் அந்த நேரத்திலும் என் ஜன்னலுக்கு வந்து, "போயிட்டு வாரனுங்க்கா" என்கிறாள்.

ஆகஸ்ட் 11

துடியலூரில் வீடு. ஆம்புலன்ஸ் வாசலுக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 29

மரபணு ரிப்போர்ட் வந்தது. கோளாறு இல்லை. டாக்டர், "வேற ஜீனா இருக்கும், விடும்மா" என்றார்.

எங்கே விடுவது? தேடித்தேடிப் படித்தேன். அபூர்வமாக பியூட்டிரிகமும் அதே விஷத்தைச் சுரக்குமாம். அது மினுங்காதாம்!

மிச்சச் சாம்பிள் ஃப்ரீசரில் இருந்தது. வெளிமாநிலப் பெரிய லேபுக்கு ஐஸ் வைத்துக் கட்டி அனுப்பினேன். கட்டும்போது அல்லாஹ்விடம் எதைக் கேட்பதென்றே தெரியவில்லை. விஷம் இருக்க வேண்டும் என்றா, இருக்கக்கூடாது என்றா?

செப்டம்பர் 17

பியூட்டிரிகம். அதே பாட்டுலிச விஷம், 'E' வகை.

நான் பாத்ததுதான். என் கையில இருந்ததுதான். மினுங்கலைன்னு தள்ளிட்டேன் — பெரிய இவளாட்டம். ஒரு வாரம் பொறுங்கன்னு எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

"ஃபைல்ல வெச்சிரும்மா. புண்ணுல கோலை விட்டுக் குத்தறதுக்கா?" என்றார் டாக்டர்.

செப்டம்பர் 19

இறப்புச் சான்றிதழுக்குக் காகிதம் வாங்கக் கதிர் வந்திருந்தான். மதிவதனி தாய்வீட்டில் இருக்கிறாளாம். "மாமனைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னது அவதானுங்க. அந்தப் பிடிவாதந்தான் புள்ளையக் கொன்னுபோட்டுதுங்கறா. என்னைய வேற பொண்ணு பாத்துக்கச் சொல்றாளுங்க்கா."

ரிப்போர்ட் மேசை டிராயரில்தான் இருந்தது. அதை எடுத்துக் காட்டாமலே அனுப்பிவிட்டேன். கோழை.

செப்டம்பர் 22, ஞாயிறு

மதிவதனியின் தாய்வீட்டுக்குப் போனேன். காகிதத்தை அவள் கையில் கொடுத்து, "உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்ல அம்மணி. கிருமி. நான்தான் கவனிக்காம விட்டேன்" என்றேன். என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நெஞ்சில் கைவைத்து, விக்கி விக்கி அழுதாள். கொஞ்ச நேரம் சுமை இறங்கிய அழுகைதான்.

பிறகு நிறுத்தினாள். "அப்ப மெஷின்லயே வெச்சிருந்தா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். "பொழைச்சிருக்கும் கண்ணு."

காகிதத்தைப் பார்த்தாள். ஒரு எழுத்தும் அவளுக்குப் புரிந்திருக்காது. அப்புறம் அதை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"மாமாகிட்டச் சொல்லிப்போடாதீங்க்கா. கொண்டுபோறேன்னு கையெழுத்துப் போட்டது அவருங்க. அவரு தாங்கமாட்டாரு. என்னோட பிடிவாதத்தாலன்னே இருக்கட்டுமுங்க."

வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து ஏற்றிவிட்டாள்.