சாய்ந்த வெயிலில் தெரிந்த எண்கள்

டீச்சர்,

கேமரா பையை விற்றுவிடலாம் என்று நேற்று அலமாரியிலிருந்து இறக்கினேன். பக்கத்துப் பையில் ஒரு துணி சுருண்டு கிடந்தது. விரித்ததும் சிக்குப் பிடித்த நல்லெண்ணெய் வாசனை. தாப்பா கோயில் கல்லைத் துடைத்த துணி. இத்தனை வருஷம் என்னோடேயே சுற்றியிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டு அந்த வாசனை போகவில்லை. நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில், நம் ஈப்போவில் பள்ளிக்கூட வேலை உங்களுக்கு. விடுமுறை விட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் போய், யாரும் திரும்பிப் பார்க்காத கோயில் சுவர்களில் ஈரத்தாளை ஒட்டி, மை தட்டி, கல்வெட்டுகளைப் படி எடுத்து வருவீர்கள். ஆயிரம் வருஷத்து எழுத்தைப் படித்தவர் திடீரென்று நம்மூர் ரப்பர்த் தோட்டத்துக் கோயில்கள் பக்கம் திரும்பினீர்கள். ஏனென்று கேட்டேன். "அங்க உள்ளத படிக்க ஆளு இருக்குண்ணே. இங்க உள்ளத யாரு பார்க்கிறா?" என்றீர்கள். அப்புறம் என் ஸ்டூடியோவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பூட்டுதான். காலைப் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக உங்கள் காருக்கு வருவேன். மாதாவைக் கும்பிட்டவன் முனியாண்டி முன்னால் முட்டி போட்டுப் படம் எடுக்கிறான் என்று என் மனைவி சிரிப்பாள்.

தாப்பா ஊருக்கு உள்ளே தள்ளி, ரப்பர்ப் பால்மரம் எல்லாம் வெட்டிச் சாய்த்த அந்தப் பழைய தோட்டத்துக்கு நாம் போன நாளில் விடாத மழை. நிலத்தை வாங்கிய கம்பெனி, கோயில் நூறு வருஷத்துக்குக் கிட்டப் பழையது என்று காட்டினால் அதற்கென்று ஒரு துண்டு நிலம் விடுவதாகச் சொல்லியிருந்தது. கோயில் தலைவர் அண்ணாமலை, ஈப்போ புந்தோங்கில் குடியிருக்கும் லாரிக்காரர், நமக்காகக் குடையோடு காத்திருந்தார். அவருடைய அப்பா அங்கே பால் வெட்டியவர்.

"டீச்சர், நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்லா. அம்மன் தப்பிச்சிரும்."

"கல்லு சொன்னத மட்டும்தான் நான் சொல்லுவேன் அண்ணே."

சன்னதி ஓரத்தில் இருந்த கல்லில் எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கிடந்தன. கூரை ஒழுகியதால் படி எடுக்கும் தாள் கல்லில் நிற்காமல் கிழிந்தது. வருஷத்தின் பெயர் மட்டும் தெரிந்தது. தமிழ் வருஷத்தின் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். எந்தச் சுற்று என்பதில்தான் அந்தக் கோயிலின் தலையெழுத்து இருந்தது.

"நேரா எடுத்தது போதாதுண்ணே. சைடுல வெளிச்சம் வச்சு ஒண்ணு எடுங்க. மேலாப்ல வெட்டுன எழுத்து அப்பத்தான் நிழல் விழுந்து தெரியும்" என்றீர்கள்.

பிற்பகல் ஈப்போவில் எனக்கு ஒரு கல்யாண வேலை இருந்தது. நீங்கள் பூசாரியிடம் பேசத் திரும்பினீர்கள். விளக்கை நகர்த்தி வைக்க எனக்குப் பொறுமை இல்லை.

"எடுத்துட்டேன் டீச்சர். போலாம்."

அவ்வளவுதான். கழுவிய படங்களைக் கொடுத்தபோது, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தது கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். திரும்பப் போய்ப் பார்க்க அவகாசம் இல்லை. மறுநாளே கம்பெனிக்குக் கடிதம் போயாக வேண்டும். எந்தச் சுற்று என்று சொல்ல முடியவில்லை, கட்டடத்தைப் பார்த்தால் பிந்தியதாகத் தோன்றுகிறது என்று நேர்மையாக எழுதிக் கொடுத்தீர்கள். இரண்டு வாரத்தில் கோயிலை இடித்தார்கள். இடிப்பதற்கு முன்னால் அண்ணாமலை அம்மனையும் அந்தக் கல்லையும் லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

நாலைந்து மாதம் கழித்து அவர் உங்களைக் கூப்பிட்டார். "டீச்சர், கல்ல சோப்பு போட்டுக் கழுவினோம். என்னமோ தெரியுது. வந்து பாருங்க." நாம் இருவரும் போனோம். வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் இடத்தில், கல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. வருஷத்தின் பெயருக்குக் கீழே நான்கு தமிழ் எண்கள், நகத்தால் கீறியதுபோல. முந்திய சுற்று. கல் நூறு வருஷத்தை நெருங்கியிருந்தது.

ஈரத் தரையில் நீங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தடவினீர்கள். பிறகு எழுந்து அண்ணாமலையைப் பார்த்துக் கை கூப்பினீர்கள்.

"நான் தப்பா எழுதிட்டேன் அண்ணே. மன்னிச்சிருங்க."

 அண்ணாமலையின் மனைவி கொண்டுவந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கோப்பையைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன். 

திரும்பும் வழியில் சிகப்பு விளக்குக்குக் காரை நிறுத்தினீர்கள். என்னைப் பார்க்காமலே கேட்டீர்கள்: "அன்னிக்கு சைடுல எடுத்தீங்களாண்ணே?"

"எடுத்தேன் டீச்சர்."

"சரி."

பிறகு நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்னைக் கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குப் போனாலும் விளக்கை நீங்களே பிடித்தீர்கள். எவ்வளவு நேரமானாலும் சாய்வாகப் பிடித்தபடி கல்லருகே உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் கை நடுங்கத் தொடங்கிய கடைசி வருஷங்களிலும், கேட்டால் தரமாட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. அந்த நடுங்கும் வெளிச்சத்தில்தான் நான் படம் எடுத்தேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் சர்ச்சில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ள, பாவசங்கீர்த்தனம் செய்யப் போவேன். மற்றதையெல்லாம் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை.

உங்கள் கருமாதி முடிந்த வாரம் புந்தோங்குக்குப் போனேன். அண்ணாமலைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, கல்யாண வேலை, எடுக்காத படம், சொன்ன பொய்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இது டீச்சருக்குத் தெரியுமா?"

"கேட்டாங்க. நான் ஒத்துக்கல."

கதவு நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "அவங்க ஒவ்வொரு ஆடிக்கும் இங்க வருவாங்க. தெரியுமாலா உங்களுக்கு? நீங்க நிக்கிற இடத்துலதான் நிப்பாங்க. 'நான் தப்பா எழுதிட்டேன் அண்ணே'ன்னு சொல்லுவாங்க. வருஷா வருஷம். போதும் டீச்சர், விடுங்கன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். கேக்கல. உங்க பேர ஒரு தடவ கூட அவங்க சொல்லல."

எனக்குத் தெரியாது, டீச்சர். ஆடியில் ஒரு ஞாயிறு மட்டும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவீர்களே, அது இதற்குத்தானா?

அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை, திட்டவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார். வாசலில் வெயில் ஏறும்வரை நின்றேன். சிகப்பு விளக்கில் ஒரே வார்த்தையில் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் நீங்கள் அங்கே ஒரு முறைகூட நின்றிருக்க வேண்டாம். அத்தனை வருஷம் எனக்காக நீங்கள் தலைகுனிந்த இடத்தில் நான் நின்றது ஒரே ஒரு நாள்தான். அதையே என்னால் தாங்க முடியவில்லை.