ஒரே தேதியில் இரண்டு பாப்பா

மார்ச் 3, செவ்வாய்
தடுப்பூசி ஆப்பின் தலைவலி இன்று தீர்ந்தது. வீடு வீடாகப் போகும் நர்ஸ்களின் போனில் பாதி நேரம் சிக்னல் இருக்காது. சர்வரைக் கேட்காமலே ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அடையாள எண் கொடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று போனே போட்டுக்கொண்டால் எல்லா நர்ஸிடமும் ஏழாம் எண் குழந்தை இருக்கும். அம்மாவின் போன் நம்பரையும் பிறந்த தேதியையும் சேர்த்து ஒட்டினேன். அதுதான் எண்! மேனேஜர், "பின்னிட்டே போ" என்றார். எனக்கும் மூளை இருக்கிறது என்று இன்று உறுதியானது.

மார்ச் 6
நர்ஸ்கள் கைக்கு ஆப் போய்விட்டது. கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 12, வியாழன்
நர்ஸ் அக்கா கூப்பிட்டார். "ஏம்மா, ஒரு வீட்ல ரெட்டைப் பிள்ளைங்க. பெரியவளுக்குப் போன வெள்ளிக்கிழமை ஊசி போட்டேன். சின்னவளுக்குக் காய்ச்சல், அப்புறம் போடலாம்னு பதிஞ்சு வெச்சேன். இன்னைக்குப் பாத்தா ஒரே பாப்பாதான் இருக்கு. ஊசி போட்டாச்சுன்னு வேற காட்டுது!"
ஒரே அம்மா. ஒரே போன். ஒரே தேதி. பேரும் வைக்காததால் இரண்டுமே 'பாப்பா'. ஆப் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஐயோ, இதுகூடவா தோணல எனக்கு? வேற நர்ஸ் போயிருந்தா? அந்தச் சின்னது ஊசியே இல்லாம போயிருக்கும்.

மார்ச் 13
சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதாம். அக்கா போய் ஊசி போட்டுவிட்டார். அப்பாடா.

மார்ச் 16
மேனேஜரோடு மல்லுக்கட்டு. "ரெட்டைன்னா கடைசில ஒண்ணு, ரெண்டுன்னு சேர்த்துட்டுப் போயேன்மா."
"நம்பர் மாறுனா? தேதி தப்பாப் பதிஞ்சா? பிள்ளையைப் பத்தின எதுவுமே அந்த எண்ல இருக்கக் கூடாது சார்."
போன் தானே குலுக்கிப் போடும் முப்பத்திரண்டு எழுத்துகளைக் காட்டினேன். அர்த்தம் கிடையாது, இன்னொன்றோடு மோதவும் மோதாது.
"இதை எவன் ஞாபகம் வெச்சுக்குவான்?"
"யாரும் வேண்டாம் சார். பாப்பாவை நர்ஸுக்குத் தெரியும். எண்ணு ஆப்புக்குத் தெரிஞ்சா போதும்."
முறைத்தார். பிறகு, "சரி, மாத்து" என்றார். என்னிடமா!

மார்ச் 20
மாற்றியாயிற்று. ஒன்றாகிப்போன அந்த இரண்டு பாப்பாக்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பதிந்தேன். பழைய பதிவுகளை ஒன்றுவிடாமல் நர்ஸ்களிடம் கேட்டுச் சரிபார்த்தேன். வேறு ரெட்டை இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி
அக்கா கூப்பிட்டார். "பாப்பாங்களுக்குப் பேரு வெச்சாச்சும்மா. அவங்கம்மா போன் நம்பரையும் மாத்திட்டாங்க. எல்லாத்தையும் திருத்துனேன், ஒண்ணும் கலையல. பெரியவளுக்குப் போன வாரமே அடுத்த ஊசி போட்டாச்சு. சின்னவளுக்கு இன்னைக்குன்னு காலையிலேயே ஆப் சொல்லிருச்சு."
ஊசி குத்தியதும் சின்னவள் ஊரைக் கூட்டிவிட்டாளாம். கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.