மீன் இல்லை, தொட வேண்டாம்

செவ்வாய்க்கிழமை எங்கள் ஃப்ரீசர் செத்துப்போனது. உருகிய பாரை மீனையும் முருங்கைக்காயையும் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டிருந்த மகள், அடித்தட்டிலிருந்து ஒரு பொதியை எடுத்து என்னிடம் நீட்டினாள். பொலித்தீனில் மூன்று சுற்று. மேலே உங்கள் கையெழுத்து: "மீன் இல்லை. தொட வேண்டாம்." நீங்கள் போய்ப் பதினாலு மாதம். இன்னும் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

உள்ளே எட்டுத் தாள்கள், ஈரமாக. நாலு நிறம் ஏறியிருந்தது. வழக்கம்போல அரைகுறை.

முப்பது வருஷம் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்த மனிதர் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தால், என் பாடு என்ன ஆகும் என்று மகளுக்குத் தெரியும். அதனால்தான் வால்தம்ஸ்டோவில் அந்தச் சனிக்கிழமை வகுப்பில் உங்களைச் சேர்த்துவிட்டாள். நிறத்துக்கு ஒரு மரப்பலகையாக நிலக்காட்சியைச் செதுக்கி, யப்பானியர் முறையில் தண்ணீர்ச் சாயம் பூசி, மெசின் இல்லாமல் கையாலேயே தேய்த்து அச்சடிக்கிற வகுப்பு. ஒரு மாதத்தில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். முதலில் என் சமையலறை மேசை போனது. பிறகு அரிசிமா, சாயத்தில் சேர்க்கப் பசை காய்ச்ச வேண்டுமாம். நான் இடியப்பத்துக்கு வறுத்து வைத்த மாவை எடுத்துவிட்டு, வறுத்த மா சரிவராது, பச்சை மாதான் வேணும் என்று குறை வேறு சொன்னீர்கள். கடைசியாக ஃப்ரீசர். ஈரத் தாளில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, என் மீனுக்குப் பக்கத்தில் உங்கள் கலை.

வரைவதற்கு எப்போதும் வான்ஸ்டட் வெளிதான். புல், ஒரு வரிசை மரம், தூரத்தில் மாடிக் கட்டடங்கள். அந்தக் கட்டடங்களை வெளிறிய நீலத்தில், மேலே போகப்போகக் கரைந்து மறைகிற மாதிரி அச்சடித்து, மலை என்றீர்கள். அது கவுன்சில் பிளாட் என்றேன். "தள்ளி நிண்டு பாரும்" என்றீர்கள். தள்ளி நின்றேன். கவுன்சில் பிளாட்தான்.

அந்தக் கார்த்திகை நாளையும் மறக்கவில்லை. நீங்கள் மடக்குக் கதிரையில் இருந்து வரைய, நான் பக்கத்தில் நின்றேன். மழை தொடங்கியது. வீட்டுக்குப் போவோம் என்று நான் சொன்னது உங்கள் காதில் ஏறவில்லை.

"இஞ்சேரும், குடையை இஞ்சால பிடியும். தாள் நனையுது."

நான் நனைவது பற்றிப் பேச்சே இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தேன். ஒரு கிழமை இருமினேன். பிறகு நீங்கள் முதல் நிறங்களை அச்சடித்துக் காட்டினீர்கள். புல் இருந்தது, மரம் இருந்தது, உங்கள் மலையும் இருந்தது.

"நான் எங்க?" என்று கேட்டேன்.

"ஆள் வந்தா எல்லாரும் ஆளைத்தான் பார்ப்பினம். நிலம் போயிடும்."

நாலு நாள் உங்களோடு கதைக்கவில்லை. அதைக் கவனித்தீர்களோ என்றுகூட எனக்குத் தெரியாது. இன்னும் முடியவில்லை என்று மட்டும் ஒருநாள் முணுமுணுத்து, அந்தத் தாள்களை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அடுத்த பலகையில் குனிந்துகொண்டீர்கள். தை பிறந்து பத்து நாள் ஆகவில்லை, கடைக்குப் பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஃப்ரீசர் செத்த அன்றே, வகுப்பு எடுக்கிற வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தேன். உருகிய தாள் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், ஒன்று கடைசிப் பலகையை அச்சடிக்க வேண்டும், இல்லையென்றால் அப்படியே காயவிட வேண்டும் என்றாள். மகள் காயவிடச் சொன்னாள். நான் மேலே போய்க் கட்டிலுக்கு அடியில் இருந்து பலகைகளை இழுத்தேன். ஐந்து. ஐந்தாவதைத் திருப்பும்போது, அதில் நான் இருப்பேன் என்று நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன்.

வெறும் கோடுகள். புடைத்து நிற்கிற மெல்லிய, சரிந்த கோடுகள். மழை.

குடை பிடித்தவளை விட்டுவிட்டு மழையை மட்டும் ஏற்றியிருக்கிறீர்கள். வந்த கோபத்தில் நானே அச்சடிப்பது என்று முடிவெடுத்தேன். கோபம் வராவிட்டால் காயத்தான் விட்டிருப்பேன்.

முதல் தாளில் சாயம் கூடி மழை வெள்ளமானது. இரண்டாவதைப் பலகையின் மூலை அடையாளத்தில் சரியாகப் பொருத்தவில்லை. மூன்றாவது நன்றாக வந்தது. ஆனால் அடியில், எங்களுக்கு மிக அருகில் உள்ள புல்லில், வளைவாக ஒரு துண்டில் மட்டும் மழை விழவில்லை. தேய்த்தது போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தாள் கிழிந்தது. நாலாவதிலும் அதே வெறுமை. உங்கள் பசையை, உங்கள் தூரிகையை, உங்களை, எல்லாவற்றையும் வாய்விட்டு ஏசினேன்.

மகள் பலகையை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள்.

"அம்மா, அந்த இடத்தில கோடே இல்லை. அப்பா எல்லாத்தையும் செதுக்கி எடுத்திருக்கிறார்."

விரலால் தடவினேன். பலகை முழுக்கக் கோடுகள். அங்கே மட்டும் குழிவாக, வழுவழுப்பாக. எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. எங்கள் காலடிப் புல் அது. குடைக்குக் கீழே மழை விழாது.

ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நாலு நாள் வாயை மூடிக்கொண்டு திரிந்தவளைக் கூப்பிட்டு, இந்த இடம் உமக்குத்தான் என்று சொன்னால் வாய் வலித்திருக்குமா? மகள் அழுதாள். நான் அழவில்லை. மிச்சத் தாள்கள் காய்வதற்குள் அச்சடிக்க வேண்டியிருந்தது. எட்டில் ஐந்து தேறின. ஒன்று நடைக்குள் தொங்குகிறது. வருகிறவர்கள் நல்ல மழை என்கிறார்கள். அந்த வளைவை ஒருவரும் காணவில்லை. நானும் காட்டுவதில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வேலைக்குப் போகும் வழியில், செவன் கிங்ஸ் பஸ் நிறுத்தத்தில் தூறல் விழுந்தால் முன்பெல்லாம் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு நிற்பேன். இப்போது அண்ணாந்து பார்க்கிறேன். இந்த வானத்துக்கு எத்தனை பலகை வேண்டும், எந்தச் சாம்பல் நிறம் முதலில் ஏறவேண்டும் என்று என் பாட்டில் கணக்குப் போடுகிறேன். இது நான் கேட்டு வாங்கிய வியாதி இல்லை. நேற்றும் அப்படி நின்று பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்தது வரப் பதினொரு நிமிஷம். அதற்குள் இன்னொரு சாம்பல் வந்துவிட்டது.